தட்டின் கோப்பு முறைமையை மாற்றுதலும் கொத்தின் அளவும்

கணிப்பொறியைக் கையாளுவோர் தாம் எழுதிய கடிதத்தையோ கட்டுரையையோ ஒரு பெயரிட்டுச் சேமித்து, வேண்டும்போது அப்பெயரைக் கொண்டே மீளப் பெறுகின்றனர். இடையில் நிகழ்வது யாது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர். வன்தட்டிற்குப் பெயர் தெரியாது. இது கடிதம், இது கணக்கு என்னும் பாகுபாடும் தெரியாது. அஃது அறிந்தவையெல்லாம் எண்ணிட்ட சிறு சிறு கட்டங்களே. செக்டர் எனப்படும் இக்கட்டம் ஒவ்வொன்றும் நெடுங்காலமாக 512 பைட்டுகளைக் கொள்வதாயிருந்தது. எந்தக் கோப்பு எந்தெந்தக் கட்டங்களிற் கிடக்கின்றது, எவை வெறுமையாயுள்ளன என்னும் கணக்கை எழுதிவைக்கும் ஏற்பாட்டிற்கே கோப்பு முறைமை என்று பெயர். அக்கணக்கேடு அழிந்தால், தட்டில் எழுதியவை எழுதியபடியே இருப்பினும், உடையவனுக்கு அவை அழிந்தவையேயாம். ஆதலின் ஓர் ஏட்டை நீக்கி வேறொன்றை அதனிடத்தில் வைப்பது விளையாட்டுச் செயலன்று. அதனை எங்ஙனம் செய்கின்றனர் என்பதையும், செய்தபின் சில கணிப்பொறிகள் முன்னினும் மெலிந்து இயங்குவானேன் என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

ஒவ்வொரு செக்டருக்கும் தனித்தனியே கணக்கெழுதப் புகின் ஏடு பெருத்துவிடும். ஆகவே அடுத்தடுத்துள்ள சில செக்டர்களை ஒன்றாகச் சேர்த்து ஓர் அலகாகக் கொண்டனர். ஆங்கிலத்தில் கிளஸ்டர் என வழங்கும் இதனை நாம் கொத்து என்போம். ஒரு கொத்தை இரண்டு கோப்புகள் பங்கிட்டுக்கொள்ள இயலாது. இவ்விதியை நினைவில் இருத்தல் வேண்டும். நெல்லை மரக்காலாலன்றி அளந்து தாரேன் என்னும் வணிகனிடம் ஆழாக்கு வேண்டிச் சென்றவனும் ஒரு மரக்காலுக்கே விலை கொடுக்கவேண்டுமன்றோ? அதுபோலவே, பத்துப் பைட்டுக் கோப்பும் ஒரு முழுக் கொத்தைத் தனதாக்கிக்கொள்ளும். அளவு பெரிதாயின் வீண் மிகும். ஆழாக்கால் அளக்கப் புகின் வீண் குறையும். ஆனால் களஞ்சியத்தை அளந்து முடிக்கப் பொழுது போதாது. கொத்தின் அளவைப் பற்றிய வழக்கெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்வதுதான்.

இவ்வழக்கு எழுந்த வரலாற்றை ஃபாட் என்னும் முறைமையிலிருந்து தொடங்குதல் தகும். கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே ஃபாட். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் மார்க் மெக்டானல்டு என்பார் 1977-ஆம் ஆண்டளவில் இதனை வகுத்தார். இதன் அமைப்பு மிக எளிது. தட்டின் முற்பகுதியில் ஓர் அட்டவணை உண்டு. கொத்து ஒன்றுக்கு ஓரிடமாக அதில் இடங்கள் உள்ளன. ஒரு கோப்பின் முதற் கொத்து எது என்பதைப் பெயரேடு சொல்லும். அக்கொத்திற்குரிய இடத்தைப் பார்த்தால் அடுத்த கொத்து எது என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். அதனைப் பார்த்தால் அதற்கடுத்தது. வழி தெரியாதவன் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக் கேட்டு ஊர்க்கோடிக்குச் செல்வதைப் போன்றது இது. எளிமையாலேயே இது நீடித்து வாழ்ந்தது. அதன் குறையும் அவ்வெளிமையிலேயே இருந்தது.

1984-ஆம் ஆண்டில் வந்த 16 பிட்டு அட்டவணையில் ஏறக்குறைய 65,536 கொத்துகளுக்குமேல் எண்ண இயலாது. எண்ணிக்கை கூடாதெனின், தட்டு பெருகுந்தோறும் கொத்துத்தான் பெருகவேண்டும். 128 மெகாபைட்டுப் பகுதிக்கு 4 கிலோபைட்டுக் கொத்துப் போதும், 256-க்கு 8, 512-க்கு 16, ஒரு ஜிகாபைட்டைக் கடந்தால் 32. இரண்டு ஜிகாபைட்டோடு வழி அடைபட்டது. அப்பெரும் பகுதியில் 1,200 பைட்டுக் கடிதம் ஒன்றை எழுதிவைத்தால் அஃது 32,768 பைட்டுகளைப் பற்றிக்கொள்ளும். அஃதாவது தன்னைப்போல் 27 மடங்கு. சராசரியாக ஒவ்வொரு கோப்பின் இறுதியிலும் அரைக் கொத்து வீணாகும் என்று கொண்டால், 10,000 கோப்புகள் உள்ள தட்டில் 16 கிலோபைட்டு வீதம் ஏறக்குறைய 156 மெகாபைட்டு பாழ். கொத்து 4 கிலோபைட்டாயின் அதே கோப்புகளுக்கு வீண் 20 மெகாபைட்டையும் எட்டாது. தட்டுகள் விலைமிக்கனவாயிருந்த 1990-களில் இவ்வேறுபாட்டை எவரும் சிறிதென எண்ணவில்லை.

1996-ஆம் ஆண்டில் விண்டோஸ் 95-இன் பிந்திய வெளியீட்டோடு வந்த ஃபாட் 32 இதற்கு மருந்தாயிற்று. அட்டவணையின் ஒவ்வோரிடமும் 32 பிட்டாக விரிந்தது. அவற்றுள் 28 பிட்டுகளே எண்ணுதற்குப் பயன்பட்டன. எட்டு ஜிகாபைட்டு வரையில் 4 கிலோபைட்டுக் கொத்தே போதுமென்றாயிற்று. ஆனால் மருந்திற்கும் ஒரு விலை உண்டு. எட்டு ஜிகாபைட்டில் 4 கிலோபைட்டுக் கொத்துகள் 20,97,152. ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டு எழுதினால் அட்டவணை மட்டும் 8 மெகாபைட்டு. பாதுகாப்பின் பொருட்டு இரண்டு பிரதிகள் வைப்பதால் 16. அக்காலத்துக் கணிப்பொறிகள் பலவற்றின் நினைவகமே 16 மெகாபைட்டு அல்லது 32 மெகாபைட்டாயிருந்தது என்பதைக் கருதினால், கொத்தை மேலும் சிறிதாக்காமைக்குக் காரணம் விளங்கும். ஒரு தனிக்கோப்பு நான்கு ஜிகாபைட்டை எட்டலாகாது என்னும் வரம்பும் இம்முறைமையில் உண்டு. இன்றும் அஃது இடர் செய்வதைப் பின்னர்க் காண்போம்.

இதற்கிடையில், 1993-இல் விண்டோஸ் என்.டி.யுடன் என்.டி.எஃப்.எஸ். என்னும் வேறொரு முறைமை தோன்றியிருந்தது. இதன் போக்கே வேறு. ஒவ்வொரு கோப்பிற்கும் தலைமையேடு ஒன்றில், பெரும்பாலும் 1,024 பைட்டு அளவினதாய், ஒரு பதிவு உண்டு. அப்பதிவில் கொத்துகளை ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. இன்ன கொத்திலிருந்து தொடர்ச்சியாக இத்தனை கொத்துகள் என்று ஒரே வரியில் எழுதிவிடுவர். கோப்பு சில நூறு பைட்டுகளே உடையதாயின் அதன் பொருள் முழுவதும் அப்பதிவினுள்ளேயே அடங்கிவிடும். தனிக் கொத்தே வேண்டுவதில்லை. எந்தக் கொத்து வெறுமை என்பதைக் காட்டக் கொத்திற்கு ஒரு பிட்டு வீதம் வேறொரு படம் உண்டு. செய்யப்போவதை முன்கூட்டிக் குறித்துவைக்கும் நாட்குறிப்பும் இருப்பதால், இடையில் மின்சாரம் நின்றாலும் ஏடு பெரும்பாலும் குலைவதில்லை. யார் எதனைப் படிக்கலாம், யார் திருத்தலாம் என்னும் உரிமைகளையும் இதில் வரையறுக்கலாம். பலர் புழங்கும் கணிப்பொறிக்கு இதுவே தக்கது என்பதில் ஐயமில்லை. ஆகவே, ஃபாட் தட்டுகளை வைத்திருந்தோர், உள்ளிருக்கும் கோப்புகளை இழவாமலே இதற்கு மாறிவிட விரும்பினர். அவ்விருப்பத்தை நிறைவேற்றவே கன்வர்ட் என்னும் கருவி விண்டோஸுடன் தரப்பட்டது.

இக்கருவி வேலை செய்யும் முறை போற்றத்தக்கது. கோப்புகளின் பொருளை அது தொடுவதேயில்லை. கிடந்த இடத்திலேயே கிடக்கவிடுகின்றது. பழைய அட்டவணையைப் படித்து, ஒவ்வொரு கோப்பும் எங்கெங்கே கிடக்கின்றது என்றறிந்து, தட்டின் வெற்றிடத்தில் புதிய தலைமையேட்டை எழுதுகின்றது. அதுகாறும் பழைய ஏடும் அழியாமல் இருக்கும். எல்லாம் எழுதி முடிந்த பின்னரே தட்டின் தொடக்கச் செக்டரை மாற்றி, இனிப் புதிய ஏடே செல்லும் என்று முத்திரை வைக்கின்றது. இதனால் இரண்டு செய்திகள் பெறப்படும். தட்டில் வெற்றிடம் போதிய அளவு இல்லையெனின் மாற்றம் நடவாது என்பது ஒன்று. முத்திரை வைத்தபின் மீள வழியில்லை என்பது மற்றொன்று, என்.டி.எஃப்.எஸ்.ஸிலிருந்து ஃபாட்டிற்குத் திரும்பும் கருவியை விண்டோஸ் தரவில்லை.

கோப்புகளை அசைக்காமல் ஏட்டை மட்டும் மாற்றுவதென்னும் இக்கொள்கையிலேதான் குறையும் மறைந்திருந்தது. ஒரு கிராமத்தின் நிலங்களைப் புதிதாக அளந்து, வயல்கள் யாவும் சதுரமாய், ஒரே அளவினவாய், ஊர்எல்லைக் கல்லிலிருந்து வரிசையாக எண்ணப்படும் என்று ஆணை பிறந்ததாகக் கொள்வோம். ஆனால் இருக்கும் வரப்பு எதனையும் வெட்டலாகாது என்றும் உடன் ஓர் ஆணை பிறந்தால் யாது செய்வது? பழைய வரப்புகள் புதிய சதுரக் கோடுகளோடு பொருந்தினால் நன்று. பொருந்தாவிடின், எல்லா வரப்புகளுக்கும் பொதுவாகப் பொருந்தத்தக்க மிகச் சிறிய சதுரத்தையே அளவாகக் கொள்ளவேண்டும். கன்வர்ட் கருவிக்கு நேர்ந்ததும் இதுவே.

எண்களால் காட்டினால் இது தெளிவாகும். ஏறக்குறைய 2 ஜிகாபைட்டு அளவுள்ள ஃபாட் 16 பகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் தொடக்கச் செக்டர் 1. அடுத்து அட்டவணை: 65,536 இடங்கள், இடத்திற்கு 2 பைட்டு, ஆக 1,31,072 பைட்டு, அஃதாவது 256 செக்டர். பிரதியுடன் 512. அதன்பின் மூலப் பெயரேடு: 512 பெயர்கள், பெயருக்கு 32 பைட்டு, ஆக 32 செக்டர். கூட்டினால் 1, 512, 32, மொத்தம் 545. எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால், கோப்புகள் கிடக்கும் முதற் கொத்து 545-ஆம் எண்ணுள்ள செக்டரில் தொடங்குகின்றது. கொத்து ஒன்றுக்கு 64 செக்டராதலால் அடுத்தவை 609, 673, 737 எனச் செல்லும். எல்லாம் ஒற்றைப்படை எண்கள். என்.டி.எஃப்.எஸ்.ஸோ தன் கொத்துகளைப் பகுதியின் முதற் செக்டரிலிருந்தே எண்ணுவது. அதன் கொத்து 8 செக்டராயின் (அதுவே 4 கிலோபைட்டு) எல்லைகள் 0, 8, 16 என எட்டின் மடங்குகளாகத்தான் இருக்கவேண்டும். 545 எட்டின் மடங்கன்று, நான்கின் மடங்குமன்று, இரண்டின் மடங்குகூட அன்று. எஞ்சியது ஒன்றே. ஒரு செக்டரே ஒரு கொத்து, 512 பைட்டு. தொடக்கச் செக்டர் ஒன்றே ஒன்றாயிருந்த காரணத்தால் தட்டு முழுவதன் அளவைக்கோலும் சிறுத்துப்போயிற்று! விண்டோஸ் 2000 வரையில் வந்த கருவி ஆராய்ச்சிக்கு இடங்கொடாமல் எந்த ஃபாட் பகுதிக்கும் இந்த 512-ஐயே கொண்டது.

இதனை யான் ஏட்டிற் படித்து அறியவில்லை. 2002-ஆம் ஆண்டில், ஊர்ப்பெயர்களையும் நாட்டுப்பாடல்களையும் திரட்டித் தட்டெழுதி வைத்திருந்த ஒரு பழைய கணிப்பொறி என் பொறுப்பில் இருந்தது. பாடல் ஒன்றுக்கு ஒரு கோப்பாக ஒன்பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கோப்புகள். இடம் வீணாவதைக் கண்டு, விண்டோஸ் 2000-இன் துணைகொண்டு தட்டை மாற்றினேன். பிரதி எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவுமில்லை. மாற்றம் இனிதே முடிந்தது, ஒரு கோப்பும் கெடவில்லை, வெற்றிடமும் மிகுந்தது. ஆனால் சில திங்களில், திரட்டு முழுவதிலும் ஒரு சொல்லைத் தேடுவதற்கு முன்னர் ஆனதைப்போல் இரண்டு மடங்கிற்கு மேல் நேரமாயிற்று. தட்டு பழுதுபட்டதென்றே எண்ணினேன். செக்டிஸ்க் என்னும் சோதனைக் கருவியை ஓட்டியபோது, அறிக்கையின் அடியில், ஒதுக்கீட்டு அலகு ஒன்றுக்கு 512 பைட்டு என்னும் வரி கண்ணிற்பட்டது. அப்பொழுதும் அதன் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை.

சிறு கொத்து ஏன் வேகத்தைக் குறைக்கவேண்டும்? இதனைச் சற்று நின்று நோக்குதல் நலம். ஏனெனில் இவ்விடத்தில் மிகைப்படுத்திக் கூறுவோர் பலர். ஒரு கோப்பு தொடர்ச்சியாகக் கிடக்குமாயின், அது 256 கொத்துகளாயினும் 2,048 கொத்துகளாயினும் என்.டி.எஃப்.எஸ். அதனை ஒரே வரியிற் குறித்துவிடும். ஒரே ஓட்டத்திற் படித்துவிடும். ஆகவே சிறுமை மட்டும் குற்றமாகாது. குற்றம் சிதறலில் உள்ளது. கோப்புகளை அழித்தும் எழுதியும் வருகையில் தட்டில் ஆங்காங்கே சிறு சிறு வெற்றிடங்கள் உண்டாகின்றன. கொத்து 4 கிலோபைட்டாயின் அதற்குக் குறைந்த வெற்றிடம் உண்டாகவே இயலாது. கொத்து அரைக் கிலோபைட்டாயின் அரைக் கிலோபைட்டுச் சந்துகளும் உண்டாகும். புதிய கோப்புகள் அச்சந்துகளிலும் புகும்.

சுழலும் தட்டிற்கு இடம் விட்டு இடம் செல்லுதலே பெருஞ்செலவு. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவிநாடி கொள்ளும். வேண்டிய செக்டர் முனையின் கீழ் வரச் சராசரியாக அதிற் பாதி. முனை உரிய தடத்திற்கு நகர ஏறத்தாழ 9 மில்லிவிநாடி. ஆக ஓரிடத்தை அடைய 13 மில்லிவிநாடி. விநாடிக்கு 40 மெகாபைட்டு படிக்கும் தட்டில் ஒரு மெகாபைட்டுக் கோப்பு தொடர்ச்சியாயிருந்தால் 13-உம் 25-உமாக 38 மில்லிவிநாடியில் முடியும். அதே கோப்பு அறுபது துண்டுகளாயின் 800 மில்லிவிநாடிக்கு மேல், இருபது மடங்கு! அக்கோப்பு எத்தனை துண்டுகளாக உடையக்கூடும் என்பதை வரையறுப்பது கொத்தே. 32 கிலோபைட்டுக் கொத்தாயின் 32 துண்டுக்குமேல் உடையாது. 4 கிலோபைட்டாயின் 256. 512 பைட்டாயின் 2,048. அத்தனையாக உடைவது நடைமுறையிற் காண்டற்கரிது. எனினும் காலம் செல்லச் செல்ல அத்திசையிலேயே தட்டு நகரும்.

இன்னுமொன்று. இன்டெல் வகைச் செயலிகள் நினைவகத்தை 4 கிலோபைட்டுப் பக்கங்களாகவே கையாளுகின்றன. கொத்தும் அவ்வளவினதாயின் ஒரு பக்கம் ஒரு கொத்தில் அடங்கும். அரைக் கிலோபைட்டாயின் ஒரே பக்கம் எட்டிடங்களிற் சிதறிக் கிடக்கவும் கூடும். மாற்றப்பட்ட தட்டிற்கு உரிய தனிக்கேடு ஒன்றும் உண்டு. புதிதாக ஃபார்மட் செய்த தட்டில் தலைமையேடு தனக்கென ஒதுக்கிய பரந்த இடத்தில் வளரும். மாற்றப்பட்ட தட்டிலோ, கோப்புகள் விட்டுவைத்த இடைவெளிகளில் அது புகவேண்டியதாகின்றது. ஏடே பல துண்டுகளாய்ச் சிதறினால், எந்தக் கோப்பைத் தேடினும் முனை அலைய நேரிடும்.

2001-ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. இவ்விரு குறைகளையும் ஓரளவு நீக்கியது. அதன் ஃபார்மட் கருவி ஃபாட் பகுதிகளை உண்டாக்கும்போதே கோப்புப் பரப்பின் தொடக்கத்தைக் கொத்தெல்லையோடு பொருந்த வைத்தது. பொருந்தியிருந்தால் மாற்றுக்கருவியும் 4 கிலோபைட்டு வரையில் அக்கொத்தையே காத்தது. தலைமையேட்டிற்கென முன்னரே ஓர் இடத்தைத் தொடர்ச்சியாகப் பிடித்துவைக்கும் வழியையும் தந்தது. எனினும் விண்டோஸ் 98 போன்ற பழையவற்றில் உண்டான தட்டுகளுக்கு இவ்வருள் கிட்டுவது உறுதியில்லை. வரப்பு பழைய வரப்பாயிற்றே.

இந்நிலை மைக்ரோசாஃப்டுக்கு மட்டும் உரியதன்று. லினக்ஸ் உலகில் எக்ஸ்ட் 3-ஐ எக்ஸ்ட் 4 ஆக்கும்போது, புதிதாய் எழுதப்படும் கோப்புகளே புதிய தொடர்க்குறிப்பைப் பெறுகின்றன. முன்னர் இருந்தவை, மீள எழுதப்படும்வரை பழைய கொத்துப் பட்டியலோடேயே இருக்கின்றன. எக்ஸ்ட் 4-லிருந்து பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்னும் முறைமைக்கு மாற்றும் கருவி, பழைய ஏட்டைத் தனியொரு கிளையில் அப்படியே காத்துவைக்கின்றது. பயன்படுத்துவோன் மனம் மாறினால், அக்கிளையை அழிக்காதவரையில், முன்னைய நிலைக்கே திரும்பிவிடலாம். ஆப்பிள் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஐ.ஓ.எஸ். 10.3 வாயிலாகக் கோடிக்கணக்கான கைப்பேசிகளின் கோப்பு முறைமையை ஏ.பி.எஃப்.எஸ். ஆக மாற்றியது. அதற்கு முந்திய வெளியீடுகளிலேயே அம்மாற்றத்தை ஒத்திகையாக நடத்திப் பார்த்து, முத்திரை வையாமல் பழைய நிலையிலேயே விட்டுவிட்டு, குறை உண்டா என்பதை மட்டும் அறிந்துகொண்டது. என் கருத்தில் இவ்விரண்டும் கன்வர்ட் கருவியினும் மேலான நெறிகள். பிறருடைய எழுத்துக்களின்மீது கை வைப்பவன் திரும்பும் வழியையோ ஒத்திகையையோ தேடிக்கொள்வது முறைதானே?

இனி, புதிதாக ஃபார்மட் செய்பவன் எவ்வளவு கொத்தைக் கொள்வது? என்.டி.எஃப்.எஸ். 16 டெராபைட்டு வரையில் 4 கிலோபைட்டையே தானாகக் கொள்ளுகின்றது. பொதுப் பயனுக்கு அதனை மாற்றவேண்டிய தேவை அரிது. கோப்புகளைச் சுருக்கி வைக்கும் வசதி 4 கிலோபைட்டிற்கு மேற்பட்ட கொத்தில் இயங்காது என்பதும் கருதத்தக்கது. தரவுத்தளம் ஒன்றே குடியிருக்கும் தட்டாயின் நிலைமை வேறு. எஸ்.க்யூ.எல். சர்வர் தன் பக்கங்களை 8 கிலோபைட்டாக, எட்டெட்டாகச் சேர்த்து 64 கிலோபைட்டுத் தொகுதிகளாகக் கையாளுவதால், அதற்கு 64 கிலோபைட்டுக் கொத்தையே அறிந்தோர் பரிந்துரைப்பர். நெடும் படக்காட்சிகளை மட்டும் வைக்கும் தட்டிற்கும் பெருங்கொத்தால் தீங்கில்லை; ஒவ்வொன்றும் பல ஜிகாபைட்டாயிருக்க, இறுதியில் அரைக் கொத்து வீணானால் என்ன? என் பாடல் திரட்டைப்போல் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள இடத்தில் 64 கிலோபைட்டு கொள்வது பேதைமை.

சுழலும் தட்டுகள் போய்த் திண்மநிலைத் தட்டுகள் வந்தபின் இவ்வாராய்ச்சி பயனற்றதாயிற்று என்பாரும் உளர். பாதி உண்மை. நகரும் முனை இல்லாமையால் சிதறலின் தண்டனை பெரிதும் குறைந்தது. ஆனால் அளவுகளின் பொருத்தம் முன்னினும் முக்கியமாயிற்று. 2011-ஆம் ஆண்டு முதல் தட்டு செய்வோர் பொதுவாக 4 கிலோபைட்டு செக்டருக்கு மாறினர். அவற்றுட் பல, பழைய மென்பொருளின் பொருட்டு, 512 பைட்டுச் செக்டர் உடையனபோல் வேடம் பூணுகின்றன. அத்தகைய தட்டில் 512 பைட்டுக் கொத்து ஒன்றை எழுதச் சொன்னால், தட்டு 4 கிலோபைட்டைப் படித்து, அதில் எட்டில் ஒரு பங்கைத் திருத்தி, முழுவதையும் மீள எழுதவேண்டும். பழைய வழக்கப்படி 63-ஆம் செக்டரில் தொடங்கும் பகுதியாயின், 4 கிலோபைட்டுக் கொத்தும் இரண்டு மெய்ச் செக்டர்களின்மேல் குறுக்கே கிடக்கும். 2007-இல் பொதுமக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு பகுதிகள் ஒரு மெகாபைட்டு எல்லையில் தொடங்குவதால் இத்தீங்கு புதிய தட்டுகளில் இல்லை. பழைய தட்டைப் புதியதன்மேல் அச்சுப்படியாக நகலெடுப்போர் இதனை இன்றும் கூடவே கொண்டுவருகின்றனர்.

இக்காலத்து மாணவர்க்கு இம்மாற்றம் நேரிடுவது பெரும்பாலும் விரல் அளவுள்ள பென்டிரைவில்தான். ஃபாட் 32-ஆக உள்ள அதில் 5 ஜிகாபைட்டு விரிவுரைப் படம் ஒன்றை ஏற்ற முயல்கையில், கோப்பு மிகப் பெரிது என்று கணிப்பொறி மறுக்கும். வெற்றிடமோ பெருகிக் கிடக்கும். முன்னர்ச் சொன்ன நான்கு ஜிகாபைட்டு வரம்பே இது. கன்வர்ட் கருவி இன்றைய விண்டோஸ் 11-இலும் உண்டாகையால் ஒரே ஆணையில் என்.டி.எஃப்.எஸ். ஆக்கிவிடலாம். ஆனால் அதனை ஆப்பிள் கணிப்பொறி படிக்குமேயன்றித் தானாக அதில் எழுதாது. படக்கருவிகள் பல அதனை அறியவும் மாட்டா. பலவிடங்களுக்கும் எடுத்துச் செல்வதற்கு எக்ஸ்ஃபாட் என்னும் முறைமையே ஏற்றது. கன்வர்ட் கருவி அதற்கு மாற்றித் தராது. ஃபார்மட் செய்தே ஆகவேண்டும். 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்டவற்றில் எக்ஸ்ஃபாட் தானாகக் கொள்ளும் கொத்து 128 கிலோபைட்டு என்பதையும், சிறு கோப்புகளை அதிற் குவிப்போர் மனத்திற் கொள்க.

என் பாடல் திரட்டின் கதை என்னவாயிற்றெனில், அவ்வாண்டின் இறுதியில் கோப்புகள் யாவற்றையும் சில குறுந்தட்டுகளில் இரண்டிரண்டு பிரதியாக எழுதினேன். எழுதியவற்றை வேறொரு கணிப்பொறியில் இட்டு, கோப்புறைக்குப் பத்தாக எடுத்துத் திறந்து பார்த்தேன். ஒரு குறுந்தட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்கள் படிக்க இயலாதனவாயிருந்தன. அதனை மட்டும் மீள எழுதினேன். அவ்வொரு சோதனையைச் செய்யாமல் ஃபார்மட் ஆணையைத் தட்டியிருப்பேனாயின், மற்றைய பிரதியும் அவ்வாறே கெட்டிருக்குமாயின், அப்பாடல்களைப் பாடிய முதியோரிற் பலர் அதற்குள் இறந்துவிட்டமையால் எவரிடம் சென்று கேட்பது? அதன் பின்னரே தட்டை 4 கிலோபைட்டுக் கொத்துடன் புதிதாக ஃபார்மட் செய்து, கோப்புகளைத் திரும்ப ஏற்றினேன். செக்டிஸ்க் அறிக்கையின் அடியில் இம்முறை 4,096 என்றிருந்தது. சொல் தேடும் வேலை பழைய வேகத்திற்குத் திரும்பியது. வீணிடமோ ஃபாட் காலத்தில் இருந்ததில் எட்டில் ஒரு பங்காயிற்று.